குடுவையைத் திறந்த இடம்

பல்தூரிகையின் கைப்பிடியைப் பாதியாய் அறுத்தவள்.
வரைபடத்தின் வெள்ளை ஓரங்களைக் கத்தரித்து
"ஐந்து கிராம் மிச்சம்" என்று சிரித்தவள்.
ஆனால் கையால் சுற்றும் கோப்பி அரைப்பானை மட்டும்
பைக்குள் காலுறை சுற்றி, நடுவில் வைப்பாள்.

தூன் நகரத்துப் பொதி மண்டபத்தில்
இரவு வேலை எனக்கு.
தூக்கினால் எடை சொல்லும் கை.
இருநூற்று அறுபது, என்றேன்.
இருநூற்று அறுபத்தைந்து, என்றாள் உர்சினா.
கத்தரித்த ஐந்தும் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது.

கண்டர்ஸ்டெக்கில் ரயிலை விட்டிறங்கி
ஐந்து மணி நேரம் ஏறினால் குடில்.
அதிகாலை இரண்டு மணி.
பதினான்கு பேரின் குறட்டைக்கு நடுவில்
அரைப்பானை இறகுச் சட்டைக்குள் பொதிந்து
மடியில் வைத்துச் சுற்றுகிறாள்,
களவெடுப்பவள் போல.
வாசனையை எதற்குள் பொதிவது?
மேல் கட்டிலில் யாரோ ஒருவர்
குறட்டையை நிறுத்தி மூச்சை இழுக்கிறார்.

இந்த உயரத்தில் தண்ணீர் அவசரக்காரி.
தொண்ணூற்றொரு பாகைக்கே
கொதித்துவிட்டேன் என்று குதிக்கும்.
நம்பாதே, என்பாள் உர்சினா,
இன்னும் ஒரு பிடி தூள் போடு.

பிறகு குடுவை. பிறகு மூடி.
உச்சியில்தான் திறப்பது.
அது நாங்கள் பேசி வைத்த சட்டம் அல்ல,
ஆறு மலைகளில்
தானாகப் பழகியது.

தலைவிளக்கு காட்டும் அளவுதான் உலகம்.
எனக்கும் அவளுக்கும் இடையே பதினைந்து மீட்டர் கயிறு.
அது இழுபட்டால் நட, தொய்ந்தால் நில்.
இரண்டு மொழியில் தடுமாறுகிற எனக்கு
இதைவிடத் தெளிவான பேச்சு கிடைத்ததில்லை.

விடிந்தபோது காற்று சூடாக இருந்தது.
ஏழு மணிக்குக் கண்ணாடியாய் இறுகியிருக்க வேண்டிய பனி
முழங்கால்வரை விழுங்கியது.
இடப்பக்கம் எங்கோ
கதவொன்று சாத்துவது போல ஒரு சத்தம்.
மேலே நூற்றெண்பது மீட்டர்.
உச்சிச் சிலுவை தெரிகிறது,
அதன் ஒரு கை ஒடிந்திருப்பதுகூடத் தெரிகிறது.

நான் ஏறலாம் என்று நினைத்தேன்.
அரை மணி நேரம்தானே என்று
சொல்ல வாயெடுத்தேன்.
இரண்டு கிழமை இரவு வேலையை மாற்றிக் கெஞ்சி வாங்கிய லீவு,
புதிதாய் வாங்கிய இரும்பு முள்,
எல்லாம் என் நாக்கில் வந்து நின்றன.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பெயரில்லாத ஒரு பாறை விளிம்பில்
பனியைத் தட்டி உட்கார்ந்தாள்.
பையை முன்னால் இழுத்தாள்.
குடுவையைத் திறந்தாள்.

மூடி கழன்ற அந்தச் சின்ன மூச்சில்
முடிந்துபோனது எங்கள் வாக்குவாதம்,
தொடங்காமலே.

கையுறையைப் பல்லால் கழற்றி வாங்கினேன்.
உதட்டைச் சுட்டது.
கசந்தது, நன்றாகவே கசந்தது,
ஒரு பிடி கூடப் போட்ட கசப்பு.
ஆவி சிலுவைப் பக்கம் கொஞ்சம் ஏறி
காற்றில் அறுந்தது.
எங்களில் அதிக உயரம் போனது அதுதான்.

இறங்கும்போது அவள் பின்னால்.
கயிறு ஒருதரமும் இழுபடவில்லை.
மதியம் திரும்பிப் பார்த்தேன்:
நாங்கள் இருந்த விளிம்புக்கு மேலே
ஒரு பெரிய வெள்ளைத் துண்டு கழன்று போயிருந்தது.
எப்போது என்று தெரியாது.
போகாமலே இருந்திருக்கலாம்,
அது வேறு சரிவாகவும் இருக்கலாம்.
நான் அவளிடம் காட்டவில்லை.
அவள் பார்த்தாளா என்றும் கேட்கவில்லை.

தூனுக்குத் திரும்பும் ரயிலில்
எதிர் இருக்கையில் நாயோடு ஒரு கிழவர்.
உர்சினா அரைப்பானை எடுத்தாள்.
சட்டையில்லை, மடியில்லை,
வெறும் மேசையில் வைத்து
மிச்சக் கொட்டைகளை
கறகறவென்று அரைக்கத் தொடங்கினாள்.
பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
நாய் எழுந்து நின்றது.

தண்ணீர் இல்லையே, என்றேன்.

தெரியும், என்றாள்,
கையை நிறுத்தாமல்.